டாக்கோ கேசரோல்: அடுக்கு சரியாமல் வர

மாட்டுக் கொத்துக்கறி, ராஜ்மா, தக்காளி சாஸ், ரொட்டி, சீஸ். இவற்றை அடுக்கடுக்காகப் போட்டு ஓவனில் வைத்தால் டாக்கோ கேசரோல். மெக்சிகோ சமையலை அமெரிக்கர்கள் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்ட பதார்த்தங்களில் இதுவும் ஒன்று. வேலை முடிந்து வந்து அரை மணி நேரத்தில் செய்துவிடலாம் என்றுதான் எல்லா வீடியோவும் சொல்கிறது. நம் வீட்டில் கரண்டி போட்டதும் அடுக்கெல்லாம் சரிந்து, சால்னா ஊற்றிய கொத்துப் பரோட்டா மாதிரி தட்டில் கிடக்கும். ருசியில் பெரிய குறை இருக்காது. சரிவதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான், அதுவும் பல வழிகளில் உள்ளே வருகிறது.

முதல் வழி கறி. கொத்துக்கறியை வாங்கி வந்து வடிகட்டியில் போட்டுக் கழுவுகிறோம். முழுத் துண்டைக் கழுவினால் தண்ணீர் வழிந்துவிடும். கொத்திய கறி அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். கழுவாமல் மனசு ஒப்பாதவர்கள் துண்டாகவே வாங்கிக் கழுவி, துணியால் ஒற்றி எடுத்து, மிக்சியில் விட்டு விட்டுச் சுற்றிக்கொள்ளலாம்.

அடுத்து, வெங்காயம், தக்காளி வதக்கி அதன்மேல் கறியைக் கொட்டும் பழக்கம். குழம்புக்கு அது சரி. இங்கே கறி சிவக்க வேண்டும், ஈரத்தில் அது வெந்து வெளுத்துத்தான் போகும். அகலமான வாணலியை நன்றாகக் காயவைத்து, இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு, கறியை மட்டும் பரப்புங்கள். அரைக் கிலோ என்றால் இரண்டு தடவையாக. போட்டவுடன் கிளறாதீர்கள், அடி சிவந்த பிறகு புரட்டினால் போதும். வெங்காயமும் பூண்டும் அதற்குப் பிறகுதான்.

அமெரிக்கச் செய்முறைகளில் ‘கொழுப்பை வடித்துவிடுங்கள்’ என்று ஒரு வரி இருக்கும். அங்கே விற்கும் அரைத்த மாட்டுக்கறியில் 15, 20 சதவீதம் கொழுப்பு இருப்பது சாதாரணம். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் கிடைக்கும் கறியில் அவ்வளவு இருக்காது, எருமைக்கறி என்றால் இன்னும் குறைவு. வாணலியில் நிற்பது கறி விட்ட சாறு. அதை வடித்துக் கொட்டினால் ருசியும் சேர்ந்து போய்விடும். தீயைக் கூட்டி வற்றவிடுங்கள். கறி முற்றலாக இருந்தால், சிவந்த பிறகு அரை டம்ளர் தண்ணீரோடு குக்கரில் மூன்று விசில் விட்டு, திறந்து மறுபடி சுண்டவைக்க வேண்டும். ஓவனில் மிச்சம் வெந்துகொள்ளும் என்று பாதி வேக்காட்டில் அடுக்குவது ஆபத்து. கொத்திய கறிக்கு உள்சூடு 71 டிகிரி செல்சியசைத் தொட வேண்டும், அதை அடுப்பிலேயே முடித்துவிடுங்கள்.

மசாலாவில் கை தாராளமாகப் போனால் கேசரோல் கறிக்குழம்பாகிவிடும். பட்டை, சோம்பு, கரம் மசாலா வேண்டாம். சீரகத்தூள்தான் முன்னால் நிற்க வேண்டும், மிளகாய்த்தூள், பூண்டு, கொஞ்சம் ஓரிகானோ துணைக்கு வரலாம். பீட்சாவோடு வந்து டிராயரில் கிடக்கும் ஓரிகானோ பாக்கெட்டுக்கு இதைவிட நல்ல கதி கிடைக்காது. சீசிலும், மேலே போடும் நாச்சோ சிப்சிலும் (மக்காச்சோள சிப்ஸ்) உப்பு இருப்பதால் கறியில் அரை உப்பு போதும்.

தக்காளிக்கு நமக்குப் பஞ்சமில்லை, பாலக்கோடும் ராயக்கோட்டையும் பக்கத்திலேயே. ஆனால் சாறு நிறைந்த நாட்டுத் தக்காளியைப் பச்சையாக நறுக்கி அடுக்கினால் ஓவனில் அது குளமாகிவிடும். நான்கு தக்காளியை அரைத்து, தொக்குப் பதத்துக்குச் சுருளவிட்டு, கறியோடு கலந்துவிடுங்கள். பச்சையாக மேலே தூவ வேண்டுமானால் கெட்டியான ஹைப்ரிட் தக்காளியை விதை நீக்கி எடுத்துக்கொள்ளலாம். குடைமிளகாயும் தண்ணீர் விடும், வதக்கித்தான் போட வேண்டும்.

ரொட்டியில் நடக்கும் தவறு வேறு மாதிரி. டார்ட்டியா, அதாவது மெக்சிகோவின் மக்காச்சோள ரொட்டி, செய்கிறேன் என்று கடையில் ‘கார்ன்ஃப்ளவர்’ வாங்கி வருவார்கள். அது வெறும் மாவுச்சத்து, சூப்பைக் கெட்டியாக்கத்தான் உதவும். மக்காச்சோள மாவும் எளிதில் வட்டமாக வராது, ஓரம் பிளந்துகொண்டே இருக்கும். மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்த பிறகே அரைக்கிறார்கள். மாவு பிடிப்பாக வருவது அதனால்தான். வேலை நாளில் அதற்கெல்லாம் நேரம் ஏது? மெல்லிய சப்பாத்தியே போதும். ஆனால் எண்ணெய் தொடாமல், கல்லில் மொறுமொறுப்பாகும்வரை வாட்ட வேண்டும். மெத்தென்ற சப்பாத்தி ஈரத்தை உறிஞ்சிக் கூழாகிவிடும். நாச்சோ சிப்ஸ் இருந்தால் உள்ளே புதைக்காதீர்கள், கடைசியில் மேலே நொறுக்கிப் போடுங்கள்.

ராஜ்மாவை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் நசுங்கும்வரை வேகவையுங்கள். அரை வேக்காட்டு ராஜ்மா வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். வெந்ததைப் பாதி மசித்தால் அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும். மார்கழி, தையில் ஓசூர்ச் சந்தையில் பச்சை அவரைக்கொட்டை கிடைக்கும்போது நான் ராஜ்மாவைத் தேடுவதில்லை.

இருபது சென்டிமீட்டர் சதுரப் பாத்திரத்துக்கு ஆறு சப்பாத்தி, 200 கிராம் சீஸ் சரியாக இருக்கும். சீசில் பாதியை அடுக்குகளுக்கு நடுவே தூவுங்கள். மீதியை ஆரம்பத்திலேயே மேலே போட்டால் ரப்பராகிவிடும், கடைசிப் பத்து நிமிடத்தில் போடுங்கள். ஓவன் 180 டிகிரிக்குச் சூடான பிறகே பாத்திரம் உள்ளே போக வேண்டும். மொத்தம் 25 நிமிடம். ஓவன் இல்லையா, கனமான வாணலியில் மூடி போட்டு சிம்மில் வைத்தாலும் ஆகும், மேல்பக்கம் மட்டும் சிவக்காது.

வெளியே எடுத்ததும் பத்து நிமிடம் தொடாதீர்கள். பசியோடு நிற்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனால் சீஸ் இறுகும் முன்னால் வெட்டினால் இதுவரை பட்ட பாடு வீண். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, கெட்டியானதைப் பரிமாறும்போது மேலே வையுங்கள். ஓவனுக்குள் போனால் திரிந்துவிடும். கோஸ், கொத்தமல்லியும் அப்போதுதான்.

ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையே கறியும் ராஜ்மாவும் தயாரித்து ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம், மூன்று நாள் தாங்கும். அடுக்குவது சாப்பிடும் நாளில் இருக்கட்டும். முந்தைய இரவே அடுக்கிவைத்தால் சப்பாத்தி ஊறிவிடும். போதாததற்கு, ஃபிரிட்ஜில் இருந்த கண்ணாடிப் பாத்திரத்தை நேராகச் சூட்டு ஓவனுக்குள் தள்ளினால் விரிசல் விடும்.