கரும்பொருள் சிமுலேஷன்: படம் அழகாக வந்தால் மட்டும் போதாது

புதிதாக வருகிறவர்கள் முதன்முதலாக கேட்ஜெட்-2 (கரும்பொருளை, அதாவது ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருளை, துகள்களாக வைத்துக் கணக்கிடும் நிரல்) ஓட்டி, அண்ட வலை இழை இழையாக விரியும் படத்தைக் காட்டும்போது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் படம் எதையும் நிரூபிக்காது. தொடக்க நிலையைச் சொதப்பினாலும் ஈர்ப்பு விசை இழைகளையும் முடிச்சுகளையும் உண்டாக்கிவிடும். கம்பைல் ஆகாதது, டிஸ்க் நிரம்பியது போன்ற தவறுகள் தாமாகவே கத்தும், அவற்றை விட்டுவிடுகிறேன். சத்தமே போடாதவைதான் ஆபத்து.

தாமதமாகத் தொடங்குவது

இன்றும் எனக்கு எரிச்சல் வரவைக்கும் தவறு இது. ஒரு மாணவர் யாரோ கொடுத்த பாராமீட்டர் ஃபைலை அப்படியே எடுத்து, செம்பெயர்ச்சி 20-இல் தொடங்கினார் (செம்பெயர்ச்சி இங்கே காலக் கணக்கு: எண் பெரிதானால் முந்தைய காலம், 0 என்றால் இன்று). செம்பெயர்ச்சி 3-இல் எண்ணிப் பார்த்தால் கனமான ஹேலோக்கள் (ஈர்ப்பால் திரண்ட கரும்பொருள் கொத்துகள்) குறைவு. ஹேலோ தேடும் நிரலை மாற்றினார், எவ்வளவு நெருங்கிய துகள்களை ஒரே ஹேலோவாகச் சேர்ப்பது என்ற இணைப்பு நீளத்தை மாற்றினார், கடைசியில் "சிக்மா 8-ஐக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாமா?" என்று கேட்டார். அண்டத்தில் பொருள் எவ்வளவு திரண்டிருக்கிறது என்பதைச் சொல்லும் அளவு அது. விடையைப் பார்த்துவிட்டுக் கேள்வியைத் திருத்துகிற வேலை!

நடப்பது இதுதான். சீரான கட்டத்தில் வைத்த துகள்களைக் கொஞ்சம் நகர்த்தி, வேகமும் கொடுத்துத் தொடங்குகிறோம். எவ்வளவு நகர்த்துவது என்பதற்கு 1970-இல் செல்டோவிச் தந்த தோராயத்தில் துகள் நேர்கோட்டிலேயே போகும். ஈர்ப்பு அந்தப் பாதையை வளைப்பது அதில் இல்லை. அந்தப் பிழை, அண்டம் விரிகிற விகிதத்தில்தான் மெல்லக் கரையும். 20-இலிருந்து 3-க்கு வரும்போது அண்டம் விரிவது ஐந்து மடங்குதான். அதற்குள் எவ்வளவு கரைந்துவிடும்?

நேரம் மிச்சம் என்பார்கள். அதுவும் பொய்க்கணக்கு. ஆரம்பத்தில் அடர்ந்த மையங்கள் இல்லாததால் காலப்படிகள் பெரியவை, செலவு சொற்பம். கணினி நேரத்தைத் தின்பது பிற்காலம். சொற்பத்தை மிச்சம் பிடித்தால் முழு ஓட்டமும் வீண். பிறகு திருத்தவே முடியாது, முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

பாதை வளைவதையும் ஓரளவு கணக்கில் எடுக்கும் இரண்டாம் படித் தோராயத்தைப் பயன்படுத்துங்கள். அதன் பிழை வேகமாகக் கரையும். செல்டோவிச்தான் என்றால் முன்னதாகத் தொடங்குங்கள்: 2005-இன் மில்லேனியம் சிமுலேஷன் 127-இல் தொடங்கியது. அதற்காக 500-க்கும் போகாதீர்கள், நகர்த்தும் அளவு கணினியின் எண் பிழைக்குள் மூழ்கத் தொடங்கும். ஒரே சீட் எண்ணோடு (தற்செயலான தொடக்க நிலையைத் தீர்மானிக்கும் எண்) சின்ன ஓட்டம் இரண்டை வெவ்வேறு செம்பெயர்ச்சியில் தொடங்கி ஒப்பிட்டுவிட்டு, அப்புறம் பெரியதைப் போடுங்கள்.

ஹெச்சை மறப்பது

ஹெச் என்பது அண்டம் விரியும் வேகத்தைக் குறிக்கும் ஹபிள் எண். கேட்ஜெட்டின் வழக்கமான அலகில் நிறையும் நீளமும் ஹெச்சால் வகுபட்டவை. வேகத்திலும் கவனம்: ஸ்னாப்ஷாட்டில் (ஓட்டத்தின் நடுவே சேமித்த ஃபைலில்) உள்ள வேகத்தை விரிவுக் காரணியின் (இன்றைய அளவோடு ஒப்பிட்டால் அண்டம் அப்போது இருந்த அளவின்) வர்க்கமூலத்தால் பெருக்குங்கள்.

20 துகள் ஹேலோவின் உள்வடிவம்

இருபதே துகள் உள்ள ஹேலோவின் உள்வடிவம் இப்படி என்று சொல்லவே சொல்லாதீர்கள், அதற்கு அத்தனை துகள் போதாது.

சாஃப்டனிங்கைக் குறைத்தால் நுணுக்கம் கூடும் என்பது

நுணுக்கம் கூடாது. சாஃப்டனிங் என்பது, துகள்கள் மிக நெருங்கும்போது ஈர்ப்பைத் தணிக்கும் தூரம். ஹெச் அலகில் 100 மெகாபார்செக் பெட்டி, பக்கத்துக்கு 512 துகள் என்றால் சராசரி இடைவெளி சுமார் 195 கிலோபார்செக். சாஃப்டனிங் 5 கிலோபார்செக் அளவில் இருந்தால் சரி. அதற்கும் வெகுவாகக் கீழே போனால் துகள்கள் ஒன்றையொன்று சிதறடிக்கும், நிஜக் கரும்பொருளில் அப்படி நடப்பதில்லை.

வெதுவெதுப்பான கரும்பொருளில் மணிச்சரம்

வெதுவெதுப்பான கரும்பொருள் என்றால், துகள்கள் தொடக்கத்தில் வேகமாக ஓடியதால் சின்னக் கொத்துகள் அழிந்துபோகும் வகை. அதில் இழை நெடுக மணி கோத்ததுபோலச் சின்ன ஹேலோக்கள் வந்தால் உடனே கட்டுரை எழுத உட்காராதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை துகள் கட்டத்தின் வேலை என்று ஜீ வாங், சைமன் வைட் என்ற ஆய்வாளர்கள் 2007-இல் காட்டினார்கள். துகள்களைக் கூட்டி ஓட்டிப் பாருங்கள்: மணிகளுக்கு நடுவிலான தூரமும் கூடவே சுருங்கும். உண்மையான ஹேலோ இருந்த இடத்திலேயே இருக்கும்.