ஒற்றை நாற்று நடவுக்கு ஊரைச் சம்மதிக்க வைப்பது எப்படி?

மடகாஸ்கரில் 1980-களில் ஹென்றி தெ லொலானியே என்ற பாதிரியார் வகுத்த, இளம் நாற்றை ஒவ்வொன்றாய் இடைவெளி விட்டு நடும் நெல் சாகுபடி முறை, தமிழ்நாட்டுக்கு வந்து திருந்திய நெல் சாகுபடி ஆனது, பிறகு ராஜராஜன் 1000 என்றும் பெயர் பெற்றது. ஏக்கருக்கு 25 கிலோவுக்கு மேல் விதைத்த இடத்தில் 3 கிலோ போதும். எட்டு சென்ட் நாற்றங்காலுக்குப் பதில் ஒரு சென்ட் போதும். இவ்வளவு இருந்தும் பலர் தலையை ஆட்டிவிட்டுப் பழையபடியே நடுகிறார்கள். அதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். ஒவ்வொரு மறுப்புக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது, பதில் சொல்ல வேண்டியது அதற்குத்தான்.

முதலில் வருவது மொட்டை வயல் பயம். 25 செ.மீ. சதுரத்துக்கு ஒரு நாற்று என்றால் சதுர மீட்டருக்கு 16 குத்துதான் (குத்து என்பது நாற்று நடும் ஒரு இடம்). மூன்று வாரம் வரை வயல் பாழாய்க் கிடப்பது போலத் தெரியும், வரப்பில் போகிறவரெல்லாம் கேலி பேசுவார்கள். அதனால் முழு ஏக்கரில் இறங்க வேண்டாம், 20 சென்ட் போதும். சாலையோரத்தில் பலகை நட்டுச் செய்வதுதான் வழக்கம். எங்கள் கணக்கில் அது தப்பு, உள்ளே தள்ளி இருக்கும் வயலே நல்லது. 45-ஆம் நாள் ஆட்களை அழைத்துப் போய்த் தூர், அதாவது அடியிலிருந்து வெடிக்கும் கிளைத் தண்டுகளை, எண்ணச் சொல்லுங்கள். குத்துக்கு எத்தனை என்று மட்டும் எண்ணினால், “குத்தே பாதிதானே இருக்கு” என்று விவரமானவர் மடக்கிவிடுவார். ஒரு மீட்டர் சதுரச் சட்டம் போட்டு இந்த வயலிலும் பழைய முறையில் நட்ட வயலிலும் எண்ணுங்கள்.

அடுத்தது, “பச்சைக் குழந்தையைப் பிடுங்கி நடுவதா?” 14 நாள் நாற்று மூன்று இலையோடு இருக்கும். அதற்கு மேல் நாற்றங்காலிலேயே வைத்திருந்தால் தூர் வெடிக்கும் திறன் குறைந்துகொண்டே போகும். நாற்று சாவதற்குக் காரணம் பெரும்பாலும் வயதல்ல, வேர் அறுவதுதான். பிளாஸ்டிக் தாளின் மேல் 4 செ.மீ. உயரச் சட்டம் வைத்து, 7 பங்கு மண், 2 பங்கு மக்கிய தொழுவுரம், 1 பங்கு உமி கலந்து நிரப்பிப் பாய் நாற்றங்கால் போடுங்கள். விதையை 24 மணி நேரம் ஊறவைத்து, இன்னொரு 24 மணி நேரம் முளை வர மூட்டம் கட்டித் தூவுங்கள். நாற்றை மண்ணோடு எடுத்து அரை மணி நேரத்துக்குள் மேலாக நட்டுவிட வேண்டும். மீதி நாற்றை வயல் மூலையில் வைத்திருந்தால் நாற்று செத்த இடங்களில் பத்து நாளுக்குள் போக்கு நடவு முடித்துவிடலாம்.

உண்மையான எதிர்ப்பு நடவுப் பெண்களிடமிருந்து வரும், அதில் நியாயமும் உண்டு. ஏக்கருக்கு இவ்வளவு என்று குத்தகை பேசிவிட்டு, கயிறு பிடித்து ஒவ்வொன்றாய் நடச் சொன்னால் அவர்கள் கூலிதான் அடிபடும். முதல் போகத்துக்கு நாள் கூலியே பேசுங்கள். வரிசைக்கு நடுவே தள்ளிக் களையை அமுக்கும் கோனோவீடர் கருவி வந்தால் கைக்களை வேலையும் போகும். அந்தக் கருவியை ஓட்டும் வேலையை அவர்களுக்கே கொடுத்து, கூலியை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

கோனோவீடரால்தான் பல வயல்கள் பாதியில் கைவிடப்படுகின்றன. இந்த முறையில் தண்ணீரைத் தேக்காமல், காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சுவார்கள்; இப்படிக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக வைத்த வயலில் களை சும்மா இருக்காது. நட்ட பத்தாம் நாள் தொடங்கி, பத்து நாளுக்கு ஒருமுறை, குறுக்கிலும் நெடுக்கிலும் ஓட்ட வேண்டும். மெல்லிய தண்ணீர் நிற்க வேண்டும், காய்ந்த களிமண்ணில் தள்ளினால் தோள் கழன்றுவிடும். நடவில் வரிசை கோணினால் கருவி பயிரையே மிதிக்கும், அதனால் கயிற்றில் 25 செ.மீ.க்கு ஒரு முடிச்சு போடுவதில் சோம்பல் கூடாது. பரம்பு அடித்துச் சமன் செய்யாத வயலில், பள்ளத்து நாற்று முழுகும், மேட்டில் களை மண்டும்.

கண்டுமுதலில், அதாவது விளைச்சல் கணக்கில், சண்டை வராமல் இருக்க, இரண்டு வயலிலும் 5 மீட்டர் சதுரம் அறுத்து, தூற்றி எடை போட்டு 162-ஆல் பெருக்குங்கள். ஏக்கர் கணக்கு வந்துவிடும். தராசு சந்தேகப்படுகிறவர் கையில் இருக்கட்டும்.

சில வயல்களில் “வேண்டாம்” என்பதே சரியான பதில். முறைத் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத கடைமடையில், வந்த தண்ணீரைத் தேக்காமல் இருக்க எவருக்கும் மனசு வராது. வடிகால் இல்லாத பள்ள வயலில் ஐப்பசி மழைக்கு 14 நாள் நாற்று தாங்காது. அங்கே சம்பாவில் தொடங்காதீர்கள். மோட்டார் வைத்திருப்பவரின் குறுவை வயலைத் தேடுங்கள்.