வரைபடத்தின் மூன்று நிறங்கள்: இலங்கையின் இயற்கைப் பிரதேசங்களைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிப் புத்தகத்து இலங்கை வரைபடம் மனப்பாடத்துக்கு வசதியானது. தென்மேற்கில் கரும்பச்சை, அதன் விளிம்பில் இளம்பச்சைப் பட்டை, மிச்சமிருக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கு மஞ்சள். ஆண்டு மழை 2500 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஈரவலயம், 1750க்குக் கீழே போனால் உலர்வலயம், நடுவில் விழுவது இடைவலயம். வரைந்தவர் மீது குற்றமில்லை. அதைப் பார்த்துவிட்டு நாம் எழுதுகிற விடைகளில்தான் கோளாறு.

மஞ்சளைக் கண்டதும் பாலைவனத்துக்குப் பக்கத்தில் போய்விடுகிறோம். உலர்வலயத்தின் நடுவே உள்ள அநுராதபுரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1300 மி.மீ. மழை பெய்கிறது. சென்னையைவிடச் சற்றே குறைவு; லண்டனைப் போல இரு மடங்கு. ஆனாலும் அநுராதபுரம் உலர்கிறது, லண்டன் உலர்வதில்லை. வந்த நீரை வெயில் எவ்வளவு விரைவாகத் திருப்பி எடுத்துக்கொள்கிறது என்பது ஒரு காரணம். மழை வருகிற மாதங்கள் இன்னொரு காரணம். அநுராதபுரத்து மழையில் பெரும்பகுதி அக்டோபரில் தொடங்கி ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். சித்திரையில் சில இடிமழைகள். அதன்பின் செப்டெம்பர் வரை காற்றுதான் ஓயாமல் வீசும். கார்த்திகையில் நிரம்பி வான்பாய்ந்த குளம் ஆவணியில் தரை வெடித்துக் கிடக்கும். பாலைக்கென்று தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் திரிந்தால் அதுவே பாலை என்று நம் முன்னோர் வகுத்ததை, ஐந்திணையை ஐந்து நிறங்களாகத் தீட்டும் அவசரத்தில் மறந்துவிடுகிறோம். உலர்வலயத்தை விளக்க அதைவிட நெருக்கமான வரையறை எனக்குத் தெரியாது.

இந்த மழை முழுவதையும் வடகீழ்ப் பருவக்காற்றின் கணக்கில் எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. இலங்கையின் வானிலைக் கணக்கில் அந்தப் பருவம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரைதான். அக்டோபர், நவம்பர் மழை இடைப்பருவத்தைச் சேர்ந்தது. பிற்பகல் இடிமழையும் வங்கக் கடலின் தாழமுக்கங்களும் கொண்டுவருவது. தமிழ்நாட்டில் அக்டோபரிலேயே வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக அறிவிப்பார்கள். இரு நாட்டுப் புத்தகங்களையும் கலந்து படிக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

மலை என்றால் மழை என்பது அடுத்த தவறு. மலையின் எந்தப் பக்கம், எந்த மாதம் என்று கேட்காமல் அதைச் சொல்லவே முடியாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறி, குளிர்ந்து, தன் ஈரத்தையெல்லாம் இறக்கிவிடுகிறது. வட்டவளைப் பக்கம் ஆண்டு மழை 5000 மி.மீ.யைத் தாண்டுவது அதனால்தான். மலையைக் கடந்து ஊவாவில் இறங்கும்போது அதே காற்று சூடேறி, வறண்டு போயிருக்கும். மட்டக்களப்பில் அதற்குக் கச்சான் என்று பெயர். (இலங்கையில் நிலக்கடலைக்கும் அதே பெயர்தான், குழம்பிவிட வேண்டாம்.) இவ்வளவையும் சரியாக எழுதிவிட்டு, ஊவாவிலுள்ள பதுளையை ‘மழைமறைவுப் பிரதேசம்’ என்று முத்திரை குத்தி முடிப்பவர்கள் உண்டு. டிசம்பரில் காற்று வடகிழக்கிலிருந்து வரத் தொடங்கியதும் நனைவது பதுளை. மறைவில் நிற்பது மேற்குச் சரிவிலுள்ள அட்டன் பக்கம். மறைவு என்பது ஊரின் நிரந்தர முகவரி அன்று, காற்றோடு இடம் மாறுவது. நம்பாதவர்கள் தேயிலைக்காரர்களைக் கேட்கலாம். ஊவாத் தேயிலையின் தரமான பருவம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. மேற்குச் சரிவில் உள்ள டிம்புல தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. தோட்டத்தின் மீது வறண்ட காற்று வீசுகிற வாரங்களில்தான் கொழுந்தில் மணம் கூடும். மலைக்கு இரு பக்கமும் அந்த வாரங்கள் வெவ்வேறு மாதங்களில் வருகின்றன.

நுவரெலியாவின் குளிரை ‘குளிர்காலம்’ என்று விளக்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொழும்பின் ஆண்டுச் சராசரி வெப்பம் 27 பாகை செல்சியஸ் அளவில். நுவரெலியாவில் 16 அளவில். வித்தியாசத்தை உண்டாக்குவது ஏறத்தாழ 1870 மீட்டர் உயரம். கொழும்பில் மாதத்துக்கு மாதம் வெப்பம் பெரிதாக மாறுவதே இல்லை.

எல்லோரும் காலநிலையோடு நின்றுவிடுகிறார்கள். காலுக்குக் கீழே பார்ப்பதில்லை. வடக்கிலுள்ள வன்னியும் யாழ்ப்பாணமும் ஒரே மஞ்சளுக்குள் இருக்கின்றன, மழையிலும் பெரிய வேறுபாடு கிடையாது. ஆனால் வன்னியின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது நீரை எளிதில் உள்ளே விடாத பழம்பாறை. பெய்ததை மேலேயே மறித்துத் தேக்கினால்தான் உண்டு. கனகராயன்குளம், செட்டிகுளம், பாண்டியன்குளம் என்று ஊர்ப்பெயர்களே அதைச் சொல்லிவிடுகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். மழை அதன் வெடிப்புகளில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. வற்றாத ஆறு ஒன்றுகூட அங்கே கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். வாழ்க்கை முழுவதும் கிணற்றைச் சுற்றித்தான். துலாவால் அளவாக இறைத்த காலத்தில் தாங்கிய கிணறு, இயந்திரத்தால் மிதமிஞ்சி இறைத்தால் உவர்த்துப் போகிறது. மழைப் பதிவேட்டை எத்தனை முறை புரட்டினாலும் இந்த வேறுபாடு அதில் தென்படாது.

தாவரங்களுக்கு வருவோம். உலர்வலயக் காடு கோடையில் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும் என்று எழுதுகிறவர்கள் ஓகஸ்ட் மாதத்தில் வன்னிக் காட்டு வழியே ஒரு முறை பஸ்ஸில் போய்ப் பார்க்கவேண்டும். பாலை மரமும் வீரை மரமும் பச்சையாகவே நிற்கும். உதிர்க்கும் மரங்களும் இடையிடையே உண்டு என்பதால்தான் அதைக் கலப்புப் பசுமைக்காடு என்கிறார்கள். பாலை மரம் பழுப்பதே அந்த வறண்ட மாதங்களை ஒட்டித்தான். வன்னியில் வளர்ந்தவர்களுக்குப் பாலைப்பழத்தின் பிசுபிசுப்பு உதட்டில் நினைவிருக்கும். நேர்மாறாக, ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளில் மரம் வளரப் போதிய மழை இருந்தும் புல்தான் இருக்கிறது. மண்ணும் அடிக்கடி மூட்டப்பட்ட தீயும் அங்கே கணக்கில் வருகின்றன. மழையளவைப் பார்த்துத் தாவரத்தை ஊகிப்பவர்கள் இரண்டு இடத்திலும் தவறாகத்தான் சொல்வார்கள்.

இவற்றையெல்லாம்விடப் பெரிதாக நான் கருதும் தவறு, காட்டைக் கண்டதும் மனிதக் கை படாத இயற்கை என்று எழுதிவிடுவது. சிங்கராஜாவின் மழைக்காட்டைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல் ஓரளவு பொருந்தலாம். வடமத்திய உலர்வலயக் காடுகளில் பெரும்பகுதி அப்படிப்பட்டதன்று. அநுராதபுர, பொலன்னறுவை அரசுகளின் காலத்தில் அங்கே வயல் இருந்தது, வாய்க்கால் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் நீர்ப்பாசன நிருவாகம் நொறுங்கி மக்கள் தென்மேற்கே நகர்ந்தபின், கைவிடப்பட்ட நிலத்தில் வளர்ந்து மூடியது இன்றைய காடு. உள்ளே நடந்தால் வீரை மரத்து வேர்களுக்கு இடையில் செங்கல் துண்டு கிடக்கும். கொஞ்சம் தள்ளி, நேர்கோடாக நீளும் ஒரு மண்மேடு. அது குளக்கட்டு.