மேகசினோடு மாநிலம் தாண்டுவதற்கு முன்

என் கிளாக் 17 கைத்துப்பாக்கியுடன் வந்த மேகசின் (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கிக்குள் செருகும் கூடு) 17 தோட்டா பிடிக்கும். நான் இருக்கும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அதற்குத் தடையில்லை. துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகும் நியூ ஹாம்ப்ஷயரிலும் இல்லை. சிக்கல் நடுவில்தான். ஸ்க்ரான்டனிலிருந்து ஐ-84 நெடுஞ்சாலை வழியாகப் போனால் நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ் மூன்றையும் கடக்க வேண்டும். மூன்றிலும் ஒரு மேகசின் பிடிக்கக்கூடிய தோட்டாவுக்கு வரம்பு 10.

(எச்-1பி விசாவில் இருப்பவர்கள் இதற்கும் முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம்.)

ஆகவே, போய்ச் சேரும் ஊரை மட்டும் பார்க்காமல், வழியில் வரும் எல்லா மாநிலங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சி 2018-இல் 15-ஐ 10 ஆகக் குறைத்தது. கொலராடோவில் 15, டெலவேரில் 17. வெர்மான்ட்டில் கைத்துப்பாக்கிக்கு 15, ரைஃபிளுக்கு 10. மேரிலாந்தில் 10-க்கு மேல் விற்கவும் வாங்கவும்தான் தடை, வைத்திருக்கத் தடையில்லை. வழக்குகள் ஓடிக்கொண்டே இருப்பதால், கிளம்பும் வாரத்தில் அந்தந்த மாநில போலீஸின் தளத்தில் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

“பெரிய மேகசினில் பத்து மட்டும் போட்டுக்கொண்டால் போதாதா?” என்று சுடும் பயிற்சி நடக்கும் ரேஞ்சில் யாராவது கேட்பார்கள். போதாது. எத்தனை போட்டிருக்கிறோம் என்பது கணக்கில்லை, எத்தனை பிடிக்கும் என்பதுதான் கணக்கு. காலி மேகசினுக்கும் இதே கதிதான்.

இன்னும் சிலர் 1986-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தைக் காட்டுவார்கள். கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் சட்டப்படி வைத்திருக்கலாம் என்றால், தோட்டா நிரப்பாத துப்பாக்கியைக் கைக்கெட்டாத இடத்தில் வைத்து நடுவிலுள்ள மாநிலங்களைக் கடக்கலாம். டிக்கி தனியாக இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டி வேண்டும், கிளவ் பாக்ஸும் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள கன்சோலும் ஆகாது. எல்லாம் சரி, ஆனால் அந்தப் பிரிவு துப்பாக்கி, தோட்டா இரண்டையும் பற்றித்தான் பேசுகிறது. மேகசின் என்ற சொல்லே அதில் கிடையாது. அதை நம்பி ரோட்டோரத்தில் போலீஸ்காரரிடம் வாதாட நான் தயாரில்லை.

துப்பாக்கிக்கேகூட அந்தப் பாதுகாப்பு எளிதில் கழன்றுவிடும். 2005-இல் யூட்டாவைச் சேர்ந்த ஒருவர் நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டு, துப்பாக்கி இருந்த பெட்டியோடு ஹோட்டலில் தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் கைது. ஹோட்டலில் துப்பாக்கி அவர் கைக்கெட்டும் நிலையில் இருந்ததால் மத்தியச் சட்டம் உதவாது என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நான் செய்வது இதுதான்: 17 தோட்டா மேகசினை வீட்டில் பூட்டிவிட்டு, கம்பெனியே 10-க்கென்று செய்த மேகசின்களை மட்டும் எடுத்துப் போகிறேன். போட்டியில் கூடுதலாக ஒரு ரீலோட் (நடுவில் மேகசின் மாற்றுவது) வரும், அவ்வளவுதான். வழியில் தங்குவதும் கிடையாது, பெட்ரோல் போட மட்டும் நிறுத்துவேன்.

விமானம் என்றால் காலி மேகசின்கூட கைப்பையில் போகக் கூடாது. பூட்டிய கெட்டிப் பெட்டியில் துப்பாக்கியோடு வைத்து, கவுண்டரில் சொல்லி, செக்-இன் லக்கேஜில் போடுங்கள். நியூவார்க்கிலோ நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்திலோ மாறிப் போகும் டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.