கன்கரன்ஸி மாட்யூல்களைப் பிரிப்பதும் பெயரிடுவதும்: பைத்தான் தரும் பாடம்

ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் (நிரலாக்க மொழியோடு சேர்ந்தே வரும் கோட் தொகுப்பில்) ஒரு பெயர் ஏறிவிட்டால் இறக்குவது கடினம். அதனால் பல வேலைகளை ஒரே காலகட்டத்தில் நடத்த உதவும் கன்கரன்ஸி மாட்யூல்களை (கோட் கோப்புகளை) பிரிக்கும் முன் இரண்டு பட்டியல் எழுதுங்கள். வேலையை ஓட்டுபவை: த்ரெட், பிராசஸ், ஈவென்ட் லூப் (ஒரே த்ரெடில் பல வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டுவது). வேலைகளை ஒருங்கிணைப்பவை: லாக், கியூ, ஃபியூச்சர் (பின்னால் வரப்போகும் விடையைத் தாங்கும் பொருள்).

ரஸ்ட் மொழி இந்த இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறது. த்ரெடைத் தொடங்க ஒரு மாட்யூல், மியூடெக்ஸ், சேனல் போன்றவற்றுக்கு 'சிங்க்' மாட்யூல். ஓட்டுபவை ஒரே வகை என்றால் இதுதான் சுத்தமான வழி. பைத்தானில் ஓட்டுபவை மூன்று வகை. 'த்ரெடிங்', 'மல்டிபிராசஸிங்', 'அசின்க்ஐஓ' என்று ஓட்டுபவையின் பெயரிலேயே மாட்யூல்கள் பிரிந்திருக்கின்றன. அதுவும் சரிதான். சிக்கல் உள்ளே இருக்கும் கிளாஸ்களின் பெயரில்தான் வருகிறது.

கியூவையே பாருங்கள். ஒரே பெயரில் மூன்று கிளாஸ். 'கியூ' மாட்யூலில் இருப்பதன் கெட் மெத்தடுக்கு டைம்அவுட் கொடுக்கலாம். அசின்க்ஐஓ கியூவின் கெட் அதை ஏற்காது, 'வெயிட்_ஃபார்' கொண்டு சுற்ற வேண்டும். அவெய்ட் போட மறந்தால் பொருளுக்குப் பதில் கோருட்டீன் (இன்னும் ஓடாத வேலை) கையில் வரும். அந்தக் கியூவை வேறு த்ரெடிலிருந்து நேராகத் தொடுவதும் பாதுகாப்பில்லை. மல்டிபிராசஸிங் கியூவில் 'டாஸ்க்_டன்' கிடையாது, அதற்கு 'ஜாயினபிள்கியூ' வேண்டும். ஆகவே ஒரே பெயரை இரண்டாவது முறை வைக்கும் முன் மெத்தட், ஆர்கியுமென்ட், எக்ஸெப்ஷன் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் 'அசின்க்கியூ' போல வேறு பெயர் வைப்பதே நல்லது.

எக்ஸெப்ஷனில் இன்னும் கவனம் வேண்டும். பைத்தான் 3.11க்கு முன் அசின்க்ஐஓவின் டைம்அவுட்எரர் வேறு, மொழியோடு வரும் டைம்அவுட்எரர் வேறு. தவறானதைப் பிடித்தால் எக்ஸெப்ட் பகுதி ஓடாமலே பிழை மேலே போய்விடும். ஒரே பொருளுள்ள பிழைக்கு ஒரே கிளாஸ். மற்ற மாட்யூல்கள் அதற்கு மாற்றுப்பெயர் மட்டும் தரட்டும்.

பல மாட்யூல்களை ஒரே பெயரின் கீழ் வைக்கும் பொதுக்குடைப் பேக்கேஜைத் திறக்க அவசரப்படாதீர்கள். 2011இல் பைத்தான் 3.2இல் வந்த 'கன்கரன்ட்' பேக்கேஜுக்குள் 3.14க்கு முன் 'ஃபியூச்சர்ஸ்' மட்டுமே இருந்தது. பிறகுதான் 'இன்டர்பிரெட்டர்ஸ்' சேர்ந்தது. உள்ளே வைக்க இரண்டு மாட்யூலாவது தயாராகட்டும்.

நாளை கீவேர்டாக (மொழி தனக்கே ஒதுக்கும் சொல்லாக) ஆகக்கூடிய சொல்லைத் தொடாதீர்கள். அசின்க்ஐஓவில் 'அசின்க்' என்றே ஒரு ஃபங்ஷன் இருந்தது. அதை 'என்ஷூர்_ஃபியூச்சர்' என்று மாற்ற வேண்டியதாயிற்று, 3.7இல் அசின்க் முழு கீவேர்டாகிவிட்டது. சாதாரணப் பயனர் தொடக்கூடாத அடிமட்ட மாட்யூலுக்கு முன்னால் அண்டர்ஸ்கோர் போடுங்கள், பைத்தான் 3 'த்ரெட்' மாட்யூலுக்குச் செய்ததுபோல.

பெயர் மாற்றியே ஆக வேண்டுமா? முதலில் புதுப்பெயர் வரட்டும், பழைய பெயர் அதையே சுட்டட்டும், குறைந்தது இரண்டு வெளியீடுகளுக்கு எச்சரிக்கை காட்டுங்கள். பிக்கிள் கோப்புகள் (பைத்தான் பொருட்களைச் சேமித்துவைப்பவை) கிளாஸின் மாட்யூல் பெயரையும் சேர்த்தே பதிந்துவைக்கும். பழைய பாதையை அகற்றினால் சேமித்த கோப்புகள் திறக்காது.

கடைசியாக ஒரு சோதனை. காலிக் கோப்புறையில் உங்கள் மாட்யூல் பெயரிலேயே ஒரு வெற்றுக் கோப்பு வைத்து, பக்கத்தில் ஒரு சின்ன ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். பைத்தான் ஸ்கிரிப்ட் இருக்கும் கோப்புறையைத்தான் முதலில் தேடும் என்பதால், 'கியூ.பிஒய்' என்ற கோப்பு இருந்தாலே ஃபியூச்சர்ஸில் உள்ள, த்ரெட்களில் வேலையை ஓட்டும் த்ரெட்பூல் எக்ஸிகியூட்டர் உடையும், ஏனெனில் அது உள்ளுக்குள் கியூவை இம்போர்ட் செய்கிறது. பொதுச்சொல்லைப் பெயராக வைத்தால் இந்த மோதல் பயனருக்கு அடிக்கடி வரும்.