வளைய கிரகணத்தில் இருட்டாது, காத்திருக்காதீர்கள்

2019 டிசம்பர் 26 காலையில் திண்டுக்கல் பக்கம் சொந்தக்காரர் வீட்டு மொட்டை மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தோம். ஒன்பதரை மணி வாக்கில் வளையம் கூடியது. சித்தப்பா மட்டும் கிரகணக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கப்பா, இன்னும் இருட்டவே இல்லையே" என்று நாலா பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டினதும் மேலே பார்க்கலாம் என்று காத்திருந்தவருக்கு மூன்று நிமிடச் சொச்சம் அப்படியே போய்விட்டது. இன்றைக்கும் அந்தக் கிரகணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது ஒண்ணும் பெருசா இல்ல" என்பார்.

அவர் டிவியில் பார்த்து வைத்திருந்தது முழு சூரிய கிரகணம். பகலில் இரவு போல ஆவது, சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனா அதைச் சுற்றி வெள்ளை முடி போல விரிவது, முழுக்க மறையும் நொடியில் ஒரே ஒரு ஒளிப்பொட்டு வைர மோதிரம் போல மின்னுவது எல்லாம் அதில்தான். கங்கண கிரகணம், அதாவது வளைய கிரகணம், வேறு சங்கதி. நிலா பூமியைச் சரியான வட்டத்தில் சுற்றுவதில்லை, கொஞ்சம் கிட்ட வரும், கொஞ்சம் எட்டப் போகும். எட்டத்தில் இருக்கும்போது சூரியனுக்கு நேராக வந்தால் அதன் வட்டு சூரியனை முழுக்க மூடப் போதாது, சுற்றிலும் ஒரு விளிம்பு மிச்சம் நிற்கும். 2019இல் நிலாவின் குறுக்களவு சூரியனுடையதில் சுமார் 97 சதவீதம். கேட்க ஏறக்குறைய முழுசு மாதிரி இருக்கும், ஆனால் பரப்பளவில் பார்த்தால் 6 சதவீதம் சூரியன் வெளியே இருந்தது. அந்த மிச்சமே பத்தாயிரம் பௌர்ணமி நிலாவுக்கும் மேலான வெளிச்சம். இருட்டு எங்கிருந்து வரும்?

அதற்காக ஒன்றுமே மாறாது என்றில்லை. வெயில் சாயம் போன மாதிரி ஆகிவிடும். மேகம் மறைத்தால் நிழலும் மங்கும், இதில் நிழல் அப்படியே இருக்க வெளிச்சம் மட்டும் குறையும், அதுதான் பார்க்க ஒரு மாதிரி இருக்கும். கொஞ்சம் குளிர் தட்டும். அதிர்ஷ்டம் இருந்தால் வெள்ளிக் கிரகம் கண்ணில் படலாம்.

அடுத்தது கண்ணாடியைக் கழற்றுவது. முழு கிரகணத்தில் சூரியன் மொத்தமாக மூடியிருக்கும் நேரத்துக்கு மட்டும் வெறுங்கண்ணால் பார்க்கலாம் என்பது உண்மைதான், அதை எங்கோ படித்துவிட்டு வளைய கிரகணத்திலும் நடுவில் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இதில் அப்படி ஒரு நொடிகூடக் கிடையாது. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கண்ணாடி இருக்க வேண்டும். விழித்திரைக்கு வலி தெரியாது, சுட்டாலும் அப்போது ஒன்றும் உறைக்காது, சில மணி நேரம் கழித்துத்தான் பார்க்கிற இடத்தின் நடுவில் ஒரு கறை நிற்பது தெரியும். மெல்லிய மேகம் இதைவிட மோசமான பொறி. மேகத்துக்குப் பின்னால் வளையம் கூசாமல் அழகாகத் தெரியும், கை தானாகக் கண்ணாடியைக் கழற்றும், மேகம் எந்த நொடி விலகும் என்று யாருக்கும் தெரியாது.

கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே ஃபிலிம், சிடி, புகை பிடித்த கண்ணாடிச் சில்லு, அண்டாவில் மஞ்சள் தண்ணீர், சாணித் தண்ணீர், எதுவும் வேண்டாம். இவை வெளிச்சத்தைக் குறைப்பது போலக் காட்டும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் பாட்டுக்கு உள்ளே போகும். சூரியனைப் பார்க்கும் கண்ணாடிக்கான சர்வதேசத் தர எண்ணான ஐஎஸ்ஓ 12312-2 என்று அச்சடித்த கண்ணாடி வாங்குங்கள், ஆனால் அச்சை மட்டும் நம்பாமல் வீட்டுக்குள் போட்டுப் பாருங்கள், டியூப் லைட் தெளிவாகத் தெரிந்தால் அது கிரகணக் கண்ணாடி இல்லை. கீறல் விழுந்திருந்தால் குப்பையில் போடுங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டே பைனாகுலரில் பார்க்கலாமே என்று தோன்றும், அது இன்னும் ஆபத்து, பைனாகுலர் குவித்து அனுப்பும் வெயிலில் அந்த ஃபிலிமே கருகிப்போகும். வெயிலைக் குறைக்கும் சூரிய வடிகட்டி பைனாகுலரின் முன்பக்கம் இருக்க வேண்டும்.

ஊசித்துளை அட்டையைக் கையில் கொடுத்தால் அந்தத் துளை வழியாகவே சூரியனைப் பார்க்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். வேண்டாம் சாமி. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை வழியாக வரும் வெளிச்சத்தைத் தரையில் விழவிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மீட்டர் தூரத்தில் பிம்பம் 9 மில்லிமீட்டர்தான் வரும், சுண்டு விரல் நகம் அளவு. பெரிதாக வேண்டுமென்றால் முகம் பார்க்கும் கண்ணாடியைக் காகிதத்தால் மூடி, நடுவில் சின்ன ஓட்டை போட்டு, பத்து மீட்டர் தள்ளி நிழலான சுவரில் பிரதிபலிக்க விடுங்கள், 9 சென்டிமீட்டர் சூரியன் சுவரில் நிற்கும், தெருவே கூடிப் பார்க்கலாம். அந்தக் கண்ணாடி யார் முகத்திலும் அடிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, கீழே பார்க்காமல் விடுவதுதான். அன்று மாடி ஓரத்தில் புங்க மரக் கிளை ஒன்று சாய்ந்திருந்தது. இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளை. முதலில் தளம் முழுக்கப் பிறைப் பிறையாக இருந்தது, வளையம் கூடினதும் அத்தனையும் மோதிரமாகிவிட்டன, காற்று அடிக்க அடிக்க மோதிரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கின. சித்தி சமையலறையிலிருந்து ஜல்லிக் கரண்டியைக் கொண்டுவந்து நீட்டினார், வரிசை வரிசையாகக் குட்டி வளையங்கள் விழுந்தன. பக்கத்திலேயே ஒருவர் செல்போனைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து வெள்ளைப் பொட்டு ஒன்றைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தார், தளத்தை எடுத்திருக்கலாம்.

இடமும் முக்கியம். "எங்க ஊரிலேயே 90 சதவீதம் தெரியுமாம், அது போதும்" என்பது கணக்குக்குச் சரி, பார்க்கப் பிரயோஜனமில்லை. 2019இல் வளையம் தெரிந்த பட்டை சுமார் 120 கிலோமீட்டர் அகலம்தான், கோவையில் வளையம், சென்னையில் வெறும் பிறை. பட்டைக்குள்ளேயும் ஓரத்தில் நின்றால் வளையம் ஒரு பக்கம் தடித்து, சீக்கிரம் உடைந்துவிடும். ஆனால் அந்த உடைகிற, சேருகிற நொடிகளைத் தவற விடாதீர்கள். நிலாவின் விளிம்பில் இருக்கும் மலை, பள்ளம் வழியாக வெளிச்சம் மணி மணியாகச் சிதறும், பெய்லி மணிகள் என்று பெயர். பிரான்சிஸ் பெய்லி 1836இல் ஸ்காட்லாந்தில் பார்த்து எழுதியதும் ஒரு வளைய கிரகணத்தில்தான்.

அப்புறம் அந்த உலக்கை. கிரகணத்தன்று தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கை நிற்கும் என்கிறார்கள், அடிப்பாகம் தட்டையாக இருந்தால் அடுத்த நாளும் நிற்கும், நிறுத்திப் பாருங்கள். சாப்பிடுவதும் சாப்பிடாததும் உங்கள் விருப்பம்.

2010 ஜனவரி 15இல் தனுஷ்கோடியில் வளையம் 10 நிமிடத்துக்கும் மேல் நின்றது. நமக்கு அடுத்தது 2031 மே 21, புதன்கிழமை. கேரளம், தென் தமிழ்நாடு, இலங்கையின் வடக்கு வழியாகப் போகிறது. கத்திரி வெயில் காலம், மதியம் வேறு, சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே இருக்கும், அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும். ஆனால் இலை நிழல் மரத்தடியிலேயே விழும். ஒரு வெள்ளை வேட்டியை அங்கே விரித்துப் போடுங்கள்.