மதுரையிலிருந்து விஜிபிக்கு வேன்: முதலில் தலையை எண்ணுங்கள்

மதுரையில் பாதி வீட்டு ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கும். சிரிக்காமல் அசையாமல் நிற்கும் சிலை மனிதர், அவரைச் சிரிக்க வைக்கப் பார்க்கும் நாலு வாண்டுகள், பின்னால் கூலிங் கிளாஸ் போட்ட சித்தப்பா. சென்னை ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் இருக்கும் அந்த விஜிபி கேளிக்கைப் பூங்காவுக்கு இப்போது யுனிவர்சல் கிங்டம் என்று பெயர். நம்மாட்களுக்கு இன்னும் கோல்டன் பீச்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் பிள்ளைகளுக்கு அதைக் காட்ட ஆசைப்படுவது நியாயம். அந்த ஆசையைச் சொந்தக்காரர்கள் கூடியிருக்கும்போது வாய்விட்டுச் சொல்வதுதான் தப்பு.

சொன்ன மறுநாள் ஆறு பேர் பதினாறாவார்கள். கார் வேனாகும். வேன் வாடகையில் மூன்று கணக்கு உண்டு: கிலோமீட்டர், டிரைவர் பேட்டா (அவருடைய தினப்படி), சுங்கமும் பார்க்கிங்கும். கிலோமீட்டரை வண்டி அதன் ஷெட்டிலிருந்து கிளம்பி ஷெட்டுக்குத் திரும்பும் வரை பார்ப்பார்கள். போக 460, வர 460, சென்னைக்குள் சுற்ற 60 என்று வைத்தால் ஆயிரத்தை ஒட்டி வரும். பலர் நாள் கணக்கை நள்ளிரவு 12 முதல் மறு நள்ளிரவு 12 வரை என்று எடுப்பார்கள். வெள்ளி இரவு 10 மணிக்குக் கிளம்பி ஞாயிறு விடிகாலை 3 மணிக்கு வீடு வந்தால் உங்களுக்கு அது ஒரு நாள் சுற்றுலா, பேட்டா மூன்று நாளைக்கு. முன்பணம் கொடுக்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

மஞ்சள் நம்பர் பலகை உள்ள வண்டியாகப் பாருங்கள். "நம்ம பயலோட வண்டிதான், டீசல் மட்டும் போடுங்க" என்று ஓன்போர்டு வண்டி, அதாவது சொந்த உபயோகத்துக்கான வெள்ளைப் பலகை வண்டி வரும். அதை வாடகைக்கு ஓட்டி விபத்தானால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க அது ஒன்றே போதும்.

இனி முக்கியமான விஷயம். ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை இருக்கை என்று நீங்களே பாருங்கள். 12, 14, 17 என்று வண்டிக்கு வண்டி மாறும். "சின்னப்புள்ளதான, மடியில வச்சுக்குவோம்", "அத்தாச்சி கீழ உக்காந்துக்கும்" என்று கிளம்புகிற அன்று வாசலில் நாலு பேர் கூடுவார்கள். அந்த நேரம் 'முடியாது' என்று சொல்ல, வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு வாய் வராது. மோட்டார் வாகனச் சட்டம் 194ஏ பிரிவின்படி, கூடுதலாக ஏறிய ஒவ்வொரு தலைக்கும் 200 ரூபாய் அபராதம். பணம் பெரிதில்லை. கூடுதல் ஆட்களை இறக்கி அவர்களுக்கு வேறு வண்டி ஏற்பாடாகும்வரை வேன் நகரக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. உளுந்தூர்பேட்டை பக்கம் இரவு இரண்டு மணிக்கு அதை வாசித்துக் காட்டினால் யாரை இறக்குவீர்கள்? மாப்பிள்ளை வீட்டாரை இறக்க முடியாது. பெரியவர்களை முடியாது. கைக்குழந்தைக்காரியை முடியாது. யாரும் சொல்லாமலே செருப்பைத் தேடி இறங்குகிறவர், நீங்கள் இல்லாத வருஷங்களில் உங்கள் அப்பாவை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அழைத்துக்கொண்டு அலைந்த அதே ஆளாகத்தான் இருப்பார். அவரை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பிறகு ராட்டினத்தில் என்னத்தைச் சுற்றுவது?

ஆகவே பெயர்ப் பட்டியலை ஒரு வாரம் முன்பே எழுதி முடியுங்கள். இருக்கையில் ஒன்றைக் காலியாக விடுங்கள், கடைசி நேரத்தில் அது நிரம்பிவிடும். பட்டியலில் முதல் பெயர் அந்த ஆளுடையதாக இருக்கட்டும். இடமில்லாதவர்களுக்கு நீங்களே போன் பண்ணுங்கள், டிரைவர் வாயால் தெரிய வேண்டாம். அவர்களை மதுரைச் சித்திரைப் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போகலாம். ராட்டினமும் டெல்லி அப்பளமும் அங்கேயே இருக்கின்றன, அதற்கு வேன் வேண்டாம்.

வழியைப் பொறுத்தவரை, தாம்பரம் நெரிசலுக்குள் போகாதீர்கள். செங்கல்பட்டில் பிரிந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே ஏறுங்கள். காலை ஏழுக்கே வந்துவிட்டால் பூங்கா திறந்திருக்காது. குளிக்க, உடை மாற்ற இரண்டு அறை எடுங்கள். டிரைவர் பகலில் தூங்கவும் அதில் இடம் வேண்டும். இரவு திரும்ப ஓட்டப் போகிறவரைப் பகலில் தி.நகர் சுற்ற விடாதீர்கள்.

இப்படிப்பட்ட பூங்காக்களில் வெளிச்சாப்பாட்டை உள்ளே விடுவது அபூர்வம். மதினி கட்டிய புளிச்சோற்றை வேனிலேயே காலி பண்ணிவிடுங்கள். நீர்ச்சறுக்குக்குப் பருத்தி உடையும் சேலையும் ஆகாது. பருத்தி தண்ணீரில் பாரமாகும், நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். சேலை சறுக்கில் சிக்கும். நைலான் உடையை மதுரையிலேயே வாங்கிவிட்டால் கவுன்டரில் அயித்தை முகம் சுண்டாது. பெரிய ராட்டினங்களுக்கு உயர அளவு இருக்கும், பிள்ளைகளை வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். எது ஓடுகிறது, எது பழுதில் நிற்கிறது என்று முந்தின நாள் போன் போட்டுக் கேளுங்கள். கடலில் கால் நனைப்பதோடு சரி. அந்தக் கரையில் இழுப்பு அதிகம், நீச்சல் தெரிந்தாலும் காப்பாற்றாது.

ஊர் திரும்பியதும் விடுபட்டவர்கள் வீட்டுக்குப் போவீர்கள். அவர்களாகக் கேட்டால் ஒழிய போனில் படம் எதையும் காட்டாதீர்கள்.